சங்கரா: ஒரு கலப்பெயரின் வழித்தடம்

புதுச்சேரிக்குத் தெற்கே தவளக்குப்பத்திலிருந்து கடலூர் சாலையில் வடக்கே போனால் நோணாங்குப்பத்துப் பாலம், கீழே சுண்ணாம்பாறு. அதைத் தாண்டி அரியாங்குப்பம் போய்ச் சேர்ந்தால் அவ்வூர் ஆற்றின் கரையில் அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து ரோமானிய மதுச்சாடிகளின் ஓடுகளை எடுத்தார். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ சொல்லும் ‘பொதுகே’ துறை இதுவே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

அந்த நூல் இக்கரையில் ஓடிய கலங்களை வகை பிரித்துச் சொல்கிறது. கரையை ஒட்டியே போன உள்ளூர்ப் படகுகள் ஒரு வகை. கங்கைக்கும், தென்கிழக்கு ஆசியாவில் பொன்னாடு எனப்பட்ட பகுதிக்கும் போன பெருங்கலங்கள் இன்னொரு வகை. ஒற்றை மரங்களை இணைத்துக் கட்டிய பெரிய கலங்கள் மற்றொன்று. அவற்றின் பெயர் ‘சங்கரா’.

இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? இங்கே ஓடும் சங்கராபரணி ஆற்றை நினைத்துக்கொண்டு முடிச்சுப் போட மனம் தாவும். கூடாது. ஆற்றின் பெயரில் இருப்பது சங்கரனும் ஆபரணமும். கலத்தின் பெயருக்கு வேர் வேறு. பாலியில் ‘சங்காட’ என்றால் தெப்பம். சேர்த்துப் பிணைத்தது என்பது அடிப்படைப் பொருள். மலையாளத்தில் அதுவே ‘சங்ஙாடம்’: தெப்பத்துக்கும் பெயர், இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டிய மிதவைக்கும் பெயர். கிரேக்கர் காதில் விழுந்தது இந்தக் குடும்பத்துச் சொல்தான் என்ற விளக்கமே எனக்குப் பொருந்தி வருகிறது.

மலையாளக் கரையில் இச்சொல்லை எடுத்துக்கொண்ட போர்த்துக்கீசியர் அதை ‘ஜங்காடா’ ஆக்கி அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் கொண்டுபோனார்கள். பிரேசிலின் வடகிழக்குக் கரை மீனவர்கள் பாய் விரித்து ஓட்டிய மரத்தெப்பத்துக்கு இன்றும் அதுதான் பெயர். மலையாளக் கரையிலும் அது மறையவில்லை: ஃபோர்ட் கொச்சியிலிருந்து வைப்பினுக்குக் காரையும் பைக்கையும் ஏற்றிப்போகும் படகை மக்கள் ‘ஜங்கார்’ என்கிறார்கள்.

நம் ‘கட்டுமரம்’ போன வழி இதைவிட விந்தை. செதுக்கிய கட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்குவார்கள். கரையேறியதும் அவிழ்த்து வெயிலில் காயப்போடுவார்கள். நீர் ஊறிய கட்டை கனத்துப்போகும், மறுநாள் அலையைத் தாண்டாது. சோழமண்டலக் கரையின் இந்தக் கட்டுமரத்தைப் பற்றி 1697இல் வெளியான தன் பயண நூலில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் எழுதினார். ‘கட்டமரான்’ என்று ஆங்கிலத்தில் நிலைத்த அந்தப் பெயர், பிறகு இரட்டை உடல் கொண்ட படகுக்கு உரியதாகிவிட்டது. அமெரிக்காவில் 1876இல் படகு வடிவமைப்பாளர் ஹெரெஷாஃப் கட்டிய ‘அமரில்லிஸ்’ அப்படிப்பட்டதே. கட்டைத் தெப்பத்தின் பெயர் இரட்டைப் படகுக்குப் போயிற்று. இரட்டை வள்ளத்தையும் குறித்த பெயரோ பிரேசிலில் கட்டைத் தெப்பத்தோடு நின்றுவிட்டது.

ஃபைபர் படகுகள் வந்தபின் நம் கரையில் கட்டுமரம் அருகிவிட்டது. நல்லவாட்டிலும் வீராம்பட்டினத்திலும் மரம் கட்டிய கைகள் இன்னும் இருக்கின்றன. ஒவ்வொரு கட்டைக்கும் ஒவ்வொரு முடிச்சுக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களைப் புதுச்சேரிக் கல்லூரி மாணவர்கள் இப்போதே போய்க் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.