பெயரும் குடியும்

சிசிலித் தீவிலே குடும்பப் பெயர் மரபாகத் தந்தைவழியில் மாறாது வந்தது. கிரேக்கனைக் குறிக்கும் ‘கிரேக்கோ’, கொல்லனைக் குறிக்கும் ‘ஃபெராரோ’ என்னும் பெயர்களைக் கொண்டே முன்னோரைத் தேடலாம். 1820 முதல் அரசாங்கப் பதிவேடுகளும் அங்கு உண்டு.

கிண்ணியாவை அடுத்த குறிஞ்சாக்கேணியிலோ தந்தையின் பெயரே பிள்ளைக்கு முன்னெழுத்தாகின்றது. பேரனிடத்தில் அது மறைந்துவிடுகின்றது. இலங்கையில் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1867இல் வந்தது. அதற்கு முற்பட்டோரைப் பெயரால் மட்டும் அறிதல் அரிது.

ஆயினும், அதே கிழக்கு மாகாணத்தின் தென்பகுதியில் வேறொரு சான்று வழங்கி வருகின்றது. மட்டக்களப்பு, அக்கரைப்பற்று முதலிய இடங்களில் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இருசாராரிடத்தும் ‘குடி’ என்னும் பிரிவு உண்டு. பிள்ளை தாயின் குடியையே சேரும். ஒரே குடிக்குள் மணம் செய்வது மரபன்று. கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் மரைக்கார் பதவிகளும் குடிவழியே பகிரப்பட்டன. எழுதாத பதிவேடாக இம்முறை பல தலைமுறைகளைக் கோத்து வைத்துள்ளது.

போரிலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் பத்திரங்களை இழந்த குடும்பங்கள் கிழக்கிலே பல. அவற்றுக்கு எஞ்சியிருப்பது முதுபெண்டிரின் நினைவே. மூத்தம்மாவிடம் அவர் தாயின் பெயரையும் குடியையும் இன்றே கேட்டு எழுதிவைத்தல் இளையோரின் கடனாகும்.