டாங்கோ யாருடைய கலை?

ஒரு கலை எந்த ஊரிற் பிறந்தது என்று கேட்பது எளிது. அதனை ஆக்கியோர் யாவர், அவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர், அவர்கள் கையிலிருந்து அது யார் கைக்குச் சென்றது என்று கேட்பதே வரலாற்றைக் கற்போர்க்கும் கற்பிப்போர்க்கும் பெரும்பயன் தருவது. இவ்வினாக்களை எழுப்பி ஆராய்வதற்கு டாங்கோ என்னும் இசையும் ஆடலும் மிகத் தக்கவை. நம்மிற் பெரும்பாலோர் டாங்கோவைத் திரைப்படங்களின் வாயிலாகவே அறிவோம். ஒளி மிகுந்த மண்டபம், கறுப்பு அங்கி அணிந்த ஆடவன், பட்டாடை பூண்ட பெண், இருவரும் நெருங்கி ஆடும் செருக்கு மிக்க ஆட்டம் என்பவையே நம் மனத்தில் தோன்றும். இக்காட்சி முற்றிலும் பொய்யன்று; எனினும் அது ஒரு நீண்ட கதையின் பிற்பகுதி. முற்பகுதி தென்னமெரிக்காவின் லா பிளாத்தா ஆற்றுக் கரைகளில் அமைந்த புவனஸ் அயர்ஸ், மொண்டெவிடியோ என்னும் துறைமுக நகரங்களின் ஏழைக் குடியிருப்புகளில் நிகழ்ந்தது.

அக்கதையில் முதலில் வைத்து எண்ணப்படவேண்டியோர் ஆபிரிக்க மக்களாவர். ஸ்பானிய ஆட்சிக் காலத்தில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட கறுப்பின மக்களும் அவர்தம் வழிவந்தோரும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புவனஸ் அயர்ஸ் நகர மக்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினராயிருந்தனர். 'டாங்கோ' என்னும் சொல்லே முதலில் இம்மக்கள் கூடி முழவொலிக்கு ஆடிய இடத்தையும் ஆட்டத்தையும் குறித்து வழங்கியதாகும். 1853ஆம் ஆண்டின் ஆர்ஜென்டீன அரசியலமைப்பு அடிமை முறையை ஒழித்தது. ஐரோப்பியரின் குடியேற்றத்தை அரசாங்கம் ஊக்குவித்தல் வேண்டும் என்று விதித்ததும் அதே அரசியலமைப்புத்தான். நாட்டை வெள்ளையர் நாடாக ஆக்கவேண்டும் என்பதே ஆளும் வகுப்பினரின் கனவாயிருந்தது. ஆகவே கறுப்பின மக்களின் பங்கு நாட்டு வரலாற்றிலிருந்து மெல்ல மெல்ல மறைக்கப்பட்டது. டாங்கோவின் வரலாற்றிலிருந்தும் மறைக்கப்பட்டது. ஆயினும் இன்றுவரை வாசிக்கப்பட்டுவரும் பழைய டாங்கோக்களுள் ஒன்றான 'எல் என்ட்ரெரியானோ'வை 1897இல் ஆக்கியவர் ரொசெண்டோ மெண்டிசாபல் என்னும் கறுப்பினப் பியானோக் கலைஞரே என்பதை எந்த மறைப்பும் மாற்றிவிடவில்லை.

ஆளுவோர் விரும்பிய குடியேற்றம் பெருவெள்ளமாக வந்தது. பிரித்தானிய மூலதனம் புகையிரதப் பாதைகளை இட்டது. இறைச்சியும் கோதுமையும் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியாயின. உழைப்பதற்குக் கைகள் தேவைப்பட்டன. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் ஏழை உழவரும் கூலியாட்களும் கப்பலேறினர். 1869இல் 2 இலட்சத்துக்கும் குறைந்த மக்களைக் கொண்டிருந்த புவனஸ் அயர்ஸ் 1914இல் 15 இலட்சத்தைத் தாண்டிற்று. அவ்வாண்டில் நகர மக்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் பிறநாட்டிற் பிறந்தவர்கள். நிலம் பெற்று வாழலாம் என்ற நம்பிக்கையோடு அவர்கள் வந்தனர். ஆனால் பம்பாஸ் சமவெளியின் நல்ல நிலங்களிற் பெரும்பகுதி முன்னரே பெருநிலக்கிழார் சிலரின் உடைமையாகியிருந்தது. நிலம் கிடையாதோர் துறைமுகத்திலும் இறைச்சித் தொழிற்சாலைகளிலும் கூலிகளாயினர்.

இவர்கள் எங்கே வாழ்ந்தனர்? 1871ஆம் ஆண்டில் மஞ்சட் காய்ச்சல் புவனஸ் அயர்ஸைத் தாக்கி 13,000க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. செல்வர்கள் நகரின் தென்பகுதியை விட்டு வடபகுதிக்குக் குடிபெயர்ந்தனர். அவர்கள் கைவிட்ட மாளிகைகள் அறையறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. ஓர் அறைக்கு ஒரு குடும்பம்; எல்லாருக்கும் பொதுவாக ஒரு முற்றம், ஒரு கிணறு, ஒரு மலகூடம். இத்தகைய வீட்டைக் 'கொன்வெந்தியோ' என்றனர். சிறு கன்னிமாடம் என்பது அதன் பொருள். கன்னியர் அறைகளைப் போல வரிசையாக அறைகள் இருந்தமையால் வந்த ஏளனப் பெயர் அது. 1907ஆம் ஆண்டிலே வாடகை உயர்வை எதிர்த்து இவ்வீடுகளில் வாழ்ந்தோர் வாடகை கொடுக்க மறுத்துப் போராடினர். ஆடவர் வேலைக்குச் சென்ற பகற்பொழுதிற் பொலிசாரை எதிர்த்து நின்றவர்கள் பெண்கள். துடைப்பங்களை ஏந்தி அவர்களும் சிறுவரும் தெருக்களில் ஊர்வலம் சென்றமை அப்போராட்டத்தின் அடையாளமாயிற்று. டாங்கோ வளர்ந்த முற்றங்களும் இவையே என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

அம்முற்றங்களிலும் அவற்றை அடுத்த மதுச்சாலைகளிலும் விலைமகளிர் இல்லங்களிலும் பல இசை மரபுகள் ஒன்று கலந்தன. கறுப்பின மக்களின் முழவுத் தாளம், கியூபாவிலிருந்து மாலுமிகள் வழியாக வந்த ஹபனேரா, சமவெளி மாடு மேய்ப்போரின் மிலோங்காப் பாட்டு, இத்தாலியரின் உருக்கமான மெட்டு ஆகியன அவை. ஜெர்மனியின் கிரேபெல்ட் நகரத்து வணிகரான ஹைன்ரிச் பாண்டின் பெயரால் வழங்கிய பந்தோனியோன் என்னும் துருத்தி வாத்தியமும் கப்பலில் வந்து சேர்ந்தது. ஆர்மோனியத்தைப் போன்று உலோக நாக்குகளால் ஒலிக்கும் இவ்வாத்தியமே டாங்கோவின் குரலாயிற்று. பாட்டின் மொழியோ லுன்பார்டோ எனப்பட்ட சேரி வழக்கு. ஸ்பானியமும் இத்தாலியக் கிளைமொழிகளும் கலந்த அதனைப் பொலிசார் திருடரின் இரகசிய மொழி என்று கூறினர். குடியேறியோருட் பெண்களின் தொகை மிகக் குறைவு. அதனால் ஆடவர் ஆடவரோடு ஆடிப் பயின்றனர். ஆட்டத்தின் அடிப்படை எளிய நடையே. முன்கூட்டி வகுத்த வரிசை எதுவும் அதற்கில்லை. ஒருவர் உடலின் அசைவை மற்றவர் உணர்ந்து கணத்துக்குக் கணம் புதிதாக ஆக்குவது அது. மொழி வேறுபட்ட அந்நியர் இருவர் பேசாமலே உடன்படும் ஒரு கலை அத்தகைய நகரிலே தோன்றியதில் வியப்பில்லை.

ஆர்ஜென்டீன உயர்குடியினர் இதனை வெறுத்தனர். அந்நாட்டின் பெருங்கவிஞராகக் கொண்டாடப்பட்ட லெயோபோல்டோ லுகோனஸ் டாங்கோவைப் பரத்தையர் மனையில் ஊரும் பிராணியாக இழித்துரைத்தார். அதே கவிஞர் 1924இல் வாளின் நேரம் வந்துவிட்டதென முழங்கி, 1930இன் இராணுவப் புரட்சிக்குத் துணைநின்றதும் மனங்கொள்ளத்தக்கது. மக்களின் ஆட்டத்தை அருவருத்தவர் மக்களாட்சியையும் அருவருத்தார். ஆனால் உயர்குடியினரின் பிள்ளைகள் இரவில் இரகசியமாகச் சேரிக்குச் சென்று டாங்கோ பயின்றனர். பாரிஸ் சென்றபோது அதனையும் உடன்கொண்டு சென்றனர். 1913ஆம் ஆண்டளவில் ஐரோப்பா முழுவதும் டாங்கோப் பித்துப் பிடித்தது. ஜெர்மானியப் பேரரசர் தம் இராணுவ அதிகாரிகள் சீருடையுடன் அதனை ஆடலாகாதெனத் தடைவிதித்தார். பாரிஸ் நகரப் பேராயர் அது பாவம் என்று கண்டித்தார். தடையும் கண்டனமும் விளம்பரமாகவே முடிந்தன. பாரிஸ் ஏற்றுக்கொண்ட பின்னரே புவனஸ் அயர்ஸின் மாளிகைகள் டாங்கோவுக்குக் கதவு திறந்தன. தன் சொந்த மக்களின் கலைக்கு அந்நிய நாட்டின் அத்தாட்சிப் பத்திரம் தேவைப்பட்ட ஆளும் வகுப்பொன்றின் மனநிலைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. அடிமை மனப்பான்மை என்பது அடிமைகளிடம் மட்டும் காணப்படுவதன்று.

மாளிகை புகுந்த டாங்கோ அடக்கம் பெற்றது, வேகம் குறைந்தது, சொற்களும் பெற்றது. 1917ஆம் ஆண்டிற் கார்லோஸ் கார்டெல் பாடிய 'மி நோச்சே திரிஸ்தே'யோடு பாட்டு டாங்கோவின் காலம் தொடங்கிற்று என்பர். கார்டெலின் தாய் பிரான்சிலிருந்து வந்து, துணி அழுத்தும் தொழில் செய்து மகனை வளர்த்த ஏழைப்பெண். இசைத்தட்டு, வானொலி, திரைப்படம் ஆகிய மூன்று புதிய தொழில்களும் அம்மகனை ஸ்பானிய மொழி வழங்கும் உலகம் முழுவதற்கும் அறிமுகம் செய்தன. 1935 ஜூன் 24ஆம் திகதி கொலம்பியாவின் மெடெயின் நகரில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் மாண்டார். மறு ஆண்டில் அவருடலைப் புவனஸ் அயர்ஸில் அடக்கம் செய்தபோது நகரே திரண்டு வந்தது. சேரியிலிருந்து எழுந்து புகழடைந்த ஒருவனிலே சேரி தன்னையே கண்டது.

இவ்விடத்தில் டாங்கோவின் குறையையும் நாம் கூறாமல் விடுதல் நேர்மையாகாது. இருபதுகளிலும் முப்பதுகளிலும் எழுந்த டாங்கோப் பாடல்களிற் பல, கைவிட்டுச் சென்ற பெண்ணை நொந்து ஆடவன் அழும் புலம்பல்கள். சேரிப் பெண்ணொருத்தி பட்டாடைக்கு ஆசைப்பட்டு நகர மையத்தின் களியாட்ட விடுதிக்குச் சென்று கெட்டழிந்தாள் என்பது அவற்றில் மீண்டும் மீண்டும் வரும் கதை. 1920இல் வெளிவந்த 'மிலோங்கித்தா' இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. அப்பெண் தையல் வேலையிற் பெற்ற கூலி எவ்வளவு என்று அப்பாடல்கள் கேட்பதில்லை. போலந்திலிருந்து யூதப் பெண்களை ஏமாற்றிக் கொண்டுவந்து விற்ற 'ஸ்வி மிக்டால்' என்னும் கூட்டத்தை, அதன் பிடியிலிருந்து மீண்ட ரகேல் லிபர்மன் என்னும் பெண்ணே துணிந்து பொலிசில் முறையிட்டு வழக்குமன்றுக்குக் கொண்டுவந்தார். 1930இல் நூற்றுக்கு மேற்பட்டோர் மீது வழக்குத் தொடரப்பட்டது. மிகப் பெரும்பாலோர் மறு ஆண்டிலேயே விடுதலையாயினர். டாங்கோ பாடியது அழிந்த பெண்ணைப் பற்றி; எதிர்த்து நின்ற பெண்ணைப் பற்றி அது பாட மறந்தது.

எனினும் புலம்பலே டாங்கோவின் முழுக்குரல் அன்று. 1930 செப்டெம்பரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. உலகப் பொருளாதார நெருக்கடி வேலையற்றோரைத் தெருவில் நிறுத்தியது. தேர்தல் மோசடியும் ஊழலும் மலிந்த அக்காலம் 'இழிந்த பத்தாண்டு' என்றே ஆர்ஜென்டீன வரலாற்றிற் பெயர் பெற்றது. அப்போது என்ரிக்கே சாண்டோஸ் டிஸ்செபோலோ 1930இல் 'யிரா யிரா'வையும் 1934இற் 'கம்பலாச்சே'யையும் இயற்றினார். கம்பலாச்சே என்பது பழம்பொருட் கடை. கண்ட பொருள்களெல்லாம் ஒன்றாய்க் கிடக்கும் அக்கடையைப் போல, நேர்மையாளனும் கள்வனும் ஒரே மதிப்புப் பெறும் உலகை அப்பாடல் சாடிற்று. பின்வந்த இராணுவ அரசுகளுக்கு அப்பாட்டு உறுத்தலாகவே இருந்தது. 1943இல் ஆட்சிக்கு வந்த இராணுவ அரசு வானொலியில் லுன்பார்டோச் சொற்களையே தடைசெய்தது. மக்களின் மொழியைத் திருத்துவோம் என்று கூறும் அரசு, பெரும்பாலும் மக்களின் வாயை அடைக்கவே விரும்புகிறது.

இக்காலத்திலே தோன்றியவருள் ஒருவரைப் பற்றி நாம் சற்று விரித்துக் கூறவேண்டும். ஒஸ்வால்டோ புக்லியேசே 1905இல் தொழிலாளர் வாழ்ந்த வியா கிரெஸ்போப் பகுதியிற் பிறந்தவர். இசைக்கலைஞரின் தொழிற்சங்கத்தைக் கட்டியெழுப்புவதிற் பங்கு கொண்ட அவர், 1936இற் கம்யூனிஸ்ட் கட்சியிற் சேர்ந்தார். 1939இல் அவர் அமைத்த இசைக்குழு ஒரு கூட்டுறவாக இயங்கிற்று. தலைவருக்குப் பெருந்தொகை, மற்றையோர்க்குக் கூலி என்ற வழக்கமான முறை அங்கில்லை. ஒவ்வொருவரின் பங்களிப்புக்கும் புள்ளிகள் இடப்பட்டு, வருமானம் புள்ளிகளின்படி பங்கிடப்பட்டது. 1946இல் வெளிவந்த அவருடைய 'லா யும்பா'வில் ஒலிக்கும் கனத்த தாளம் தொழிற்சாலை இயந்திரத்தின் இயக்கத்தை நினைவூட்டுவது. தம் அரசியற் கொள்கைக்காக அவர் பன்முறை சிறை சென்றார். தொழிலாளரின் தலைவராகப் போற்றப்பட்ட பெரோனின் ஆட்சியும் அவரைச் சிறையிலிட்டது. அந்நாள்களில் அவருடைய குழுவினர் நிகழ்ச்சியை நிறுத்தவில்லை. ஆளில்லாத பியானோவின்மீது ஒரு செந்நிறக் கார்னேஷன் மலரை வைத்துவிட்டு வாசித்தனர். தலைவர் எங்கே இருக்கிறார் என்பதை மக்கள் அம்மலராலே அறிந்தனர். ஜனநாயகம் மீண்ட பின்னர், 1985 டிசெம்பரில், உயர்குடியினரின் இசைக்கோயிலாகிய கொலோன் அரங்கிலே புக்லியேசே வாசித்தார். பாரிஸின் அத்தாட்சி கொண்டு மாளிகை புகுந்த டாங்கோவுக்கும் இவ்வாறு தன் மக்களோடு அரங்கேறிய டாங்கோவுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

பிற நாடுகளிலும் டாங்கோ இவ்வாறு இருவேறு வழிகளிற் பரவிற்று. ஐரோப்பியத் தலைநகர்களில் நாகரிகமாக வந்தது நாகரிகமாகவே போயிற்று. பின்லாந்திலோ அது பொதுமக்களின் உடைமையாயிற்று. இரண்டாம் உலகப் போரின் முடிவிற் சோவியத் ஒன்றியத்திடம் இழந்த கரேலியாவிலிருந்து 4 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடிழந்து வந்து குடியேறிய நாடு அது. ஊண்டோ மொனோனென் 1955இல் இயற்றிய 'சாத்துமா', கடலுக்கு அப்பால் எட்டாத இன்பநாடு ஒன்றை ஏங்கிப் பாடும் டாங்கோ. 1962இல் ரெய்யோ தைப்பலேயின் குரலில் இசைத்தட்டாக வந்தபோது நாடெங்கும் அது பரவிற்று. கிராமங்களின் மர நடனமேடைகளில் உழவரும் மரம்வெட்டுவோரும் இத்தகைய பாடல்களுக்கு ஆடினர். ஊரிழந்தோர் ஆக்கிய இசையை ஊரிழந்தோர் வாழ்ந்த நாடு புரிந்துகொண்டது.

போலந்தில் நிகழ்ந்ததோ கொடுமை. முப்பதுகளில் வார்சா நகரின் டாங்கோக்களை ஆக்கியோரிற் பலர் யூதர். நாஜிகள் லிவிவ் நகரருகே அமைத்த யானொவ்ஸ்கா முகாமிற் கைதிகளான கலைஞர்களைக் கொண்டு ஓர் இசைக்குழுவை அமைத்து, மக்களைக் கொல்ல இட்டுச்செல்லும்போது டாங்கோ வாசிக்கச் செய்தனர். அதனை 'மரண டாங்கோ' என்று தப்பியோர் கூறினர். ஈற்றில் வாசித்தோரும் கொல்லப்பட்டனர். கலை தன்னளவிலேயே மனிதரை மேம்படுத்திவிடும் என்று எளிதாகக் கூறுவோர் இம்முகாமை மறத்தலாகாது. கலை யாருடைய ஆணைக்கு உட்பட்டிருக்கிறது என்பதே வினா.

ஆர்ஜென்டீனாவையும் பயங்கரம் விட்டுவைக்கவில்லை. 1976 முதல் 1983 வரை நிலவிய இராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்டோர் 30,000 பேர் என மனித உரிமை அமைப்புகள் கூறுகின்றன. நாடு கடந்து பாரிஸில் வாழ்ந்தோருக்கு டாங்கோ மீண்டும் அகதியின் குரலாயிற்று. பெர்ணாண்டோ சொலானாஸ் 1985இல் எடுத்த 'டாங்கோக்கள்: கார்டெலின் நாடுகடப்பு' என்னும் திரைப்படம் அவர்களின் கதையே. அதே காலத்தில், 1983இற் பாரிஸிலும் 1985இல் நியூயோர்க்கிலும் மேடையேறிய 'டாங்கோ ஆர்ஜென்டீனோ' என்னும் ஆடற்காட்சி உலகெங்கும் புதிய டாங்கோச் சந்தையைத் திறந்தது. 2009இல் ஆர்ஜென்டீனாவும் உருகுவேயும் கூட்டாக வேண்டியதன்பேரில் யுனெஸ்கோ டாங்கோவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுரிமையாகப் பதிவுசெய்தது. இன்று புவனஸ் அயர்ஸின் லா போக்காவில், பழைய தகர வீடுகளுக்கு வண்ணம் பூசப்பட்ட சிறுதெருவில், உல்லாசப் பயணிகளுக்காக டாங்கோ ஆடப்படுகிறது. வண்ணத் தெருவுக்கு அப்பால் ஏழைக் குடியிருப்பு அப்படியே இருக்கிறது.

மனிதகுலத்தின் மரபுரிமை என்பது நல்ல சொல். ஆனால் மனிதகுலம் என்று பொதுப்படச் சொல்லும்போது, அதனை ஆக்கிய கறுப்பினப் பியானோக்காரரும் துடைப்பம் ஏந்திய பெண்ணும் சப்பாத்துத் தொழிலாளியும் கண்ணுக்குத் தெரியாது போய்விடக்கூடாது. கலையைப் போற்றி அதனை ஆக்கியோரைப் புறக்கணிப்பது எல்லா நாட்டு மேட்டுக்குடியினருக்கும் இயல்பான வழக்கம். அதனை எதிர்த்து, ஆக்கியோரின் பெயரையும் வாழ்வையும் அவர்தம் கலையோடு சேர்த்தே எழுதுவதும் கற்பிப்பதும் நம் கடமை. டாங்கோ யாருடையது என்னும் வினாவுக்கு, பியானோவின்மீது செம்மலரை வைத்துவிட்டு வாசிப்பைத் தொடர்ந்த அக்கலைஞர்கள் விடை கூறிச் சென்றுள்ளனர்.