துப்பாக்கிக் கட்டை யார் தோளுக்கு?

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

2019 ஆகஸ்டில் எங்கள் கடையம் பக்கத்துக் கல்யாணிபுரத்தில் நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இரவு நேரம். வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவரின் கழுத்தைப் பின்னாலிருந்து வந்த ஒருவன் துணியால் இறுக்கினான். கூட இன்னொருவன். இருவரும் முகத்தை மறைத்திருந்தார்கள், அரிவாளும் இருந்தது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஓடிவந்த அவர் மனைவி கீழே கிடந்த செருப்பை எடுத்து வீசினார். அடுத்து பிளாஸ்டிக் நாற்காலி. பெரியவரும் விடுபட்டு எழுந்து நாற்காலியைத் தூக்கினார். வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். சிசிடிவி காட்சியை நாடே பார்த்தது. அந்தச் சுதந்திர தினத்தில் மாநில அரசு அந்தத் தம்பதிக்குத் துணிச்சலுக்கான விருதும் கொடுத்தது.

அதற்குப் பிறகு எங்கள் பக்கம் டீக்கடைப் பேச்சில் துப்பாக்கி லைசென்ஸ் அடிக்கடி வந்தது. தோட்டத்து வீட்டில் தனியாக இருப்பவர்களுக்குத் திருடன் பயம். மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குக் கூடவே பன்றியும் சிறுத்தையும். நான் பள்ளியில் என்.சி.சி. பொறுப்பும் சேர்த்துப் பார்த்தவன் என்பதால் என்னிடம் கேட்பார்கள். "சார்வாள், ஒத்தக்குழல் வாங்கலாமா, ரெட்டக்குழல் வாங்கலாமா?" எல்லாரும் குழலைப் பற்றித்தான் கேட்கிறார்கள். தோளில் பதிகிற மரக்கட்டையைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

துப்பாக்கியில் குழல் குண்டுக்கு, கட்டை மனிதனுக்கு. சுடும்போது வரும் உதையை உடம்புக்குக் கடத்துவதும், கண்ணைக் குழலின் நேர்கோட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துவதும் கட்டைதான். கட்டை சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல குழலும் குறி தவறும். ஆகவே ஒரு துப்பாக்கி யாருக்காகச் செய்யப்பட்டது என்று தெரிய வேண்டுமானால் கட்டையைப் பார்க்க வேண்டும். நம் பகுதியின் வரலாற்றைக்கூட அந்த மரத்துண்டை வைத்துச் சொல்லிவிடலாம்.

துப்பாக்கி வருவதற்கு முன்னும் வந்த பின்னும் திருநெல்வேலிச் சீமையில் வீட்டைக் காப்பது ஊர் வேலையாக இருந்தது. ஊருக்குத் தலக்காவல், பல ஊர்களுக்குச் சேர்த்துத் திசைக்காவல் என்று இரண்டு அடுக்கு. காவல்காரருக்கு ஊர் தானியமோ பணமோ கொடுக்கும். களவு போனால் கண்டுபிடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. அந்த ஏற்பாட்டில் மிரட்டிப் பணம் பறித்த கதைகளும் உண்டு, அதை மறைக்க வேண்டாம். அவர்கள் கையில் கம்பு, வேல்கம்பு, வளரி இருந்தன. பிறகு திரி வைத்துச் சுடும் துப்பாக்கியும் சேர்ந்தது.

அந்தப் பழைய துப்பாக்கியை இன்றைய துப்பாக்கிபோல நினைத்துக்கொள்ளாதீர்கள். போர்த்துக்கீசியர் வந்த பிறகு மலபார்க் கரையில் செய்யப்பட்ட திரித் துப்பாக்கிகளில் கட்டை மிகவும் குட்டை. தோளுக்கு எட்டவே எட்டாது. கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துச் சுட வேண்டும். இலங்கையில் சிங்களத் துப்பாக்கிகளின் கட்டை, கடைசியில் இரண்டாகப் பிளந்து சுருள்போல வளைந்து, நிறைய வேலைப்பாட்டுடன் இருக்கும். 1543-இல் போர்த்துக்கீசியர் வழியாக ஜப்பானின் தனேகஷிமா தீவுக்குப் போன துப்பாக்கியும் இதே குடும்பம்தான். ஜப்பானியர் அதற்குப் பிறகு முந்நூறு ஆண்டு கன்னக் கட்டையையே வைத்திருந்தார்கள். கனமான நீண்ட குழலின் எடையே உதையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்ளும் என்பதால் தோள் தேவைப்படவில்லை.

தோள்கட்டையை நம் ஊருக்குள் பெருமளவில் கொண்டுவந்தது கம்பெனிப் படை. 'பிரவுன் பெஸ்' என்று சொல்வார்களே, அந்தத் துப்பாக்கியில் கம்பெனி தனக்கென்று ஒரு வகை செய்ய வைத்தது. அதற்குப் பெயரே 'இந்தியா பேட்டர்ன்'. 39 அங்குலக் குழல், நான்கு கிலோவுக்கு மேல் எடை, அக்ரூட் மரத்தில் தோள்வரை நீளும் கட்டை, அடியில் பித்தளைத் தகடு. அக்ரூட் மரம் உதைக்குப் பிளக்காது, ஈரத்துக்கு அதிகம் வளையாது, எடையும் அளவாக இருக்கும். அதனால்தான் இன்றும் நல்ல கட்டைக்கு அந்த மரத்தைத் தேடுகிறார்கள். வரிசையில் நின்று, ஒரே கட்டளைக்கு எல்லாரும் ஒரே மாதிரி தோளில் வைத்துச் சுடுவதற்காகச் செய்த கட்டை அது. தனி மனிதனின் கை நீளத்தை அது கேட்கவில்லை. துப்பாக்கி ஒரே அளவு, மனிதன்தான் அதற்கு ஏற்ப நிற்க வேண்டும்.

1799 அக்டோபர் 16-இல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-இல் பாஞ்சாலங்குறிச்சி மறுபடி எழுந்து மறுபடி வீழ்ந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் ஒரு பிரகடனம் வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், துப்பாக்கியும் ஈட்டியும் வைத்திருந்தால் மரண தண்டனை. திசைக்காவல் உரிமையும் அந்தக் காலகட்டத்தில்தான் பாளையக்காரர்கள் கையைவிட்டுப் போனது. 1803 நிலவரித் திட்டத்துக்குப் பிறகு மிஞ்சியவர்கள் ஜமீன்தார்கள் ஆனார்கள். நாடு முழுவதுக்குமான ஆயுதச் சட்டம் லிட்டன் பிரபு காலத்தில் 1878-இல்தான் வந்தது. அப்படிப் பார்த்தால் நம் சீமை மற்றவர்களுக்கு முக்கால் நூற்றாண்டு முன்பே ஆயுதம் இழந்த சீமை.

1878 சட்டத்தின்படி இந்தியர்கள் உரிமம் வாங்க வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே ஓர் ஊர் தப்பித்தது. குடகு மக்களுக்கு 1861-இலேயே உரிமம் தேவையில்லை என்று விலக்குக் கொடுத்திருந்தார்கள். இன்றும் அந்த விலக்கு இருக்கிறது. 2019-இல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அங்கே துப்பாக்கி வீட்டுச் சொத்து, பண்டிகையில் பூஜைக்கு வைக்கிற பொருள். ஒரே மலையின் இரண்டு அடிவாரங்களில் இரண்டு விதி. ஆங்கிலேயருக்குத் துணை நின்ற இடத்தில் துப்பாக்கி தங்கியது, எதிர்த்து நின்ற இடத்தில் போய்விட்டது.

அதற்குப் பிறகு நம் பக்கம் துப்பாக்கி வைத்திருந்தவர்கள் யார்? ஜமீன், பெரிய பண்ணை, போலீஸ். போலீசுக்கு 303 ரைபிளையே வரியில்லாத 410 குழலாக மாற்றி, ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுச் சுடும்படி கொடுத்தார்கள். நாட்டுக்காரன் கையில் முழு ரைபிள் வேண்டாம் என்ற எச்சரிக்கை. கட்டை மட்டும் பழைய ராணுவக் கட்டையேதான்.

அந்த லீ-என்ஃபீல்டு ரைபிளின் கட்டையைப் பற்றி ஒரு செய்தி. முதல் உலகப் போரில் ஆள் போதாமல், 5 அடி 3 அங்குலத்துக்கும் குறைவானவர்களைச் சேர்த்து பிரிட்டனில் 'பாண்டம்' படைகள் அமைத்தார்கள். பாண்டம் என்பது ஒரு குட்டைக் கோழி இனம். அந்த ரைபிளுக்கு நீளம், சாதாரணம், குட்டை, பாண்டம் என நான்கு அளவில் கட்டைகள் இருந்தன. அளவுக்கு அளவு அரை அங்குலம்தான் வித்தியாசம். எது எந்த அளவு என்று கட்டையிலேயே எழுத்துக் குத்தியிருப்பார்கள். இந்தியா பேட்டர்ன் காலத்தில் மனிதன் கட்டைக்கு ஏற்ப நின்றான். நூறு ஆண்டு கழித்துக் கட்டை மனிதனுக்கு ஏற்ப வந்தது. என்.சி.சி.யில் எட்டாம் வகுப்பு மாணவர்களைக் குப்புறப் படுக்க வைத்துச் சுடப் பழக்கியபோது இந்த அரை அங்குலத்தின் அருமை எனக்குத் தெரிந்தது. கட்டை நீளமாக இருந்தால் குழந்தை தலையைத் தூக்கி முன்னால் இழுக்கும், கட்டை தோள்குழியில் பதியாமல் புஜத்துக்கு நழுவும், அடுத்த நாள் அந்த இடம் கன்றிப் போயிருக்கும். சுடுவதென்றாலே அந்தக் குழந்தைக்குப் பயம் வந்துவிடும்.

சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் 1959-இல் வந்தது. அதன் 13-ஆம் பிரிவு நம்மைப் போன்றவர்களைத்தான் மனதில் வைத்து எழுதியது. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உள்ளே வரியில்லாத துப்பாக்கியைப் பாதுகாப்புக்குக் கேட்டாலோ, குழல் வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைப் பயிர்ப் பாதுகாப்புக்குக் கேட்டாலோ, வேறு தடை இல்லாவிட்டால் உரிமம் கொடுக்க வேண்டும். மனு கலெக்டருக்கு. முன்பு கொக்கிரகுளம் போக வேண்டும், 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்த பிறகு தென்காசி. கவனியுங்கள், சட்டமும் குழலைத்தான் அங்குலத்தில் அளக்கிறது. கட்டைக்கு அளவு சொல்லவில்லை. அந்த அளவை வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டும்.

பயிர்ப் பாதுகாப்புக்கு வாங்கிய துப்பாக்கியின் வேலை 1972 வனவிலங்குச் சட்டத்தோடு பெரும்பாலும் முடிந்தது. 1988-இல் களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகமும் வந்தது. உரிமம் இருந்தாலும் பன்றியை நாமாகச் சுட முடியாது. மிஞ்சியது வீட்டுப் பாதுகாப்பு. அதற்கு எந்தக் கட்டை?

கடைகளில் மூன்று வகை பார்க்கலாம். முதலாவது நேர்ப்பிடி. பழைய ஆங்கில இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் இருப்பது. இரண்டு விசை இருக்கும்போது கை முன்னும் பின்னும் நகர வசதி. இரண்டாவது வளைபிடி. கை ஒரே இடத்தில் பிடிமானமாக நிற்கும், உதையும் கொஞ்சம் அடங்கும். மூன்றாவது தோள்கட்டையே இல்லாத கைப்பிடி, அல்லது மடக்குக் கட்டை. சினிமாவில் பார்க்க நன்றாக இருக்கும். 12 போர் உதையை மணிக்கட்டு மட்டும் வாங்க வேண்டும், குறியும் நிற்காது. வீட்டுக்கு இரண்டாவதே நல்லது. நிலையான மரக்கட்டை, அடியில் ரப்பர் அட்டை.

அளவு பார்க்கும் முறை எளிது. தோட்டா இல்லாத துப்பாக்கியின் கட்டை அடியை முழங்கை மடிப்பில் வையுங்கள். ஆள்காட்டி விரல் விசையைத் தாராளமாகத் தொட வேண்டும். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 14 அங்குலத்தை ஒட்டி இருக்கும். அது உயரமான ஆணுக்குச் சரி. ஐந்தடி உயரமுள்ள பெண்ணுக்கு ஒரு அங்குலமாவது குறைய வேண்டும். நீளமான ஆள் குட்டைக் கட்டையைச் சமாளித்துவிடலாம், குட்டையான ஆள் நீளக் கட்டையைச் சமாளிக்க முடியாது.

எங்கள் தெரு நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "சுடப்போறது நான்தானே சார்வாள், அவ எதுக்கு?" என்றார். காப்பி கொண்டுவந்த அவர் மனைவி கேட்டுக்கொண்டே நின்றார். "நீங்க மாசத்துல பாதி நாள் வெளியூர்லதான இருக்கிய?" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். எனக்கு அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிக்கல் இங்கேதான். உரிமம் ஒருவர் பெயருக்குத்தான். இன்னொருவர் அந்தத் துப்பாக்கியைக் கையாள வேண்டுமானால் அவர் பெயரும் உரிமத்தில் முறையாக ஏற வேண்டும், அல்லது அவரே தனியாக வாங்க வேண்டும். பயன்படுத்தாதபோது பூட்டி வைக்க வேண்டும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இவை தேவையான விதிகள்தான். திறந்து கிடக்கும் துப்பாக்கியால் திருடனைவிட நம் பேரப்பிள்ளைக்கு ஆபத்து அதிகம். ஆனால் ஆபத்து வரும்போது வாசலில் இருப்பது யார் என்பதை உரிமத் தாள் தீர்மானிப்பதில்லை. கல்யாணிபுரத்தில் வாசலில் இருந்தவர் கழுத்தில் துணி இறுகிக் கிடந்தது. காப்பாற்றியது உள்ளேயிருந்து ஓடிவந்த அம்மா. அலமாரியைத் திறக்க அவருக்கு நேரம் இருந்திருக்காது.

ஆகவே என் கருத்து இதுதான். வீட்டுக்கு ஒரு துப்பாக்கி தேவையா என்பதை முதலில் பத்து நாள் யோசியுங்கள். வெளிச்சம், கதவு, நாய், பக்கத்து வீட்டுக்காரரின் போன் நம்பர் எல்லாம் சரியாக இருக்கிறதா பாருங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்றால், கடைக்கு மனைவியையும் கூட்டிக்கொண்டு போங்கள். கட்டையை அவர் தோளில் வைத்து அளவு பார்த்து வாங்குங்கள். உரிமத்துக்கும் இருவரும் சேர்ந்தே முயற்சி செய்யுங்கள். கம்பெனிக்காரன் தோளுக்கும், ஜமீன்தார் தோளுக்கும், போலீஸ் தோளுக்கும் வெட்டிய கட்டைகளைப் பார்த்தாயிற்று. நம் வீட்டுப் பெண்களின் தோளுக்கு எந்தக் காலத்திலும் யாரும் அளவெடுத்ததில்லை.

உங்கள் தாத்தா காலத்துத் துப்பாக்கிக் கட்டை எந்த மரம், எப்படிப் பிடித்தார்கள் என்று நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். உரிமம் இல்லாத துப்பாக்கி பரணில் இருந்தால் மட்டும் இங்கே படம் போட வேண்டாம், வக்கீலைப் பார்த்துவிட்டு முறைப்படி ஒப்படைத்துவிடுங்கள்.