அடுப்பு இலவசம்... கரி?

பி.காம். வகுப்பில் என் பக்கத்து பெஞ்ச்காரன் ஒருத்தன் இப்போது அமெரிக்காவில் இருக்கிறான். பென்சில்வேனியா மாநிலம், ஸ்க்ரான்டன் பக்கம் வீடு. குளிர்காலம் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் ஒருநாள் போன் பண்ணினான்.

'மாப்ளே, பக்கத்து வீட்டுப் பாட்டி பழைய நிலக்கரி அடுப்பு ஒண்ணை சும்மாவே தர்றேங்கறாங்க. எடுத்துக்கட்டுமா, வேணாமா?'

'சும்மா வந்தா எடுத்துக்க வேண்டியதுதானேடா!'

'நாலு பேர் சேர்ந்தாத்தான் தூக்க முடியும். அதான் யோசனையா இருக்கு.'

நமக்கு அடுப்பு என்றால் சமையல். குமுட்டி அடுப்பில் பால் காய்ச்சிய வீடுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் போட்டது மரக்கரி. நண்பன் சொன்னது வேறு சமாச்சாரம். கூடத்தில் நிற்கும் வார்ப்பிரும்புப் பெட்டி. வேலை, வீட்டைச் சூடாக்குவது. அங்கே பல வீடுகள் எண்ணெய் எரித்துக் குளிர் காய்கின்றன. எண்ணெய் பில்லைப் பார்த்தால் குளிரிலும் வியர்க்குமாம். அதனால்தான் பயலுக்கு சபலம்.

அவன் என்ன முடிவெடுத்தான் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், அந்த இரும்புப் பெட்டி பாட்டி வீட்டுக் கூடத்துக்கு எப்படி வந்தது என்று பார்த்துவிடலாம். 200 வருஷக் கதை அது.

பென்சில்வேனியாவின் வடகிழக்கு மலைகளுக்கு அடியில் கிடப்பது ஆந்த்ரசைட் என்ற கெட்டி நிலக்கரி. கண்ணாடி மாதிரி பளபளக்கும். புகை மிகக் குறைவு. பற்றிக்கொண்டால் மணிக்கணக்கில் நின்று எரியும். ஒரே ஒரு சிக்கல், பற்றிக்கொள்ளாது!

1812-ல் ஜார்ஜ் ஷூமேக்கர் என்பவர் ஒன்பது வண்டி நிறைய இந்தக் கரியை ஏற்றிக்கொண்டு ஃபிலடெல்பியாவுக்குப் போனார். வாங்கியவர்கள் அடுப்பில் போட்டு ஊதிப் பார்த்தார்கள். கிளறிப் பார்த்தார்கள். ம்ஹூம். 'கறுப்புக் கல்லைக் கொண்டுவந்து தலையில் கட்டிவிட்டான், மோசக்காரன்' என்று ஊரே கொதித்தது. மீதிக் கரியை இலவசமாகக் கொடுத்துவிட்டு மனுஷன் ஊரைவிட்டே தப்பினார் என்பார்கள். ஆக, ஆந்த்ரசைட் அந்த ஊரில் இலவசமாகத்தான் கணக்கைத் தொடங்கியது!

வேடிக்கை என்னவென்றால், அதற்கு நான்கு வருஷம் முன்பே சூட்சுமம் பிடிபட்டிருந்தது. 1808 பிப்ரவரி 11. வில்க்ஸ்-பேரி ஊரில் விடுதி நடத்திய ஜெஸ்ஸி ஃபெல், ஒரு இரும்புக் கிராதியின் மேல் இந்தக் கரியை வைத்துக் கொளுத்தினார். துருத்தி இல்லாமலே கனகனவென்று எரிந்தது. விஷயம் இவ்வளவுதான். விறகுக்குக் காற்று மேலே போனாலும் போதும். ஆந்த்ரசைட்டுக்குக் காற்று அடியிலிருந்து வர வேண்டும்.

ஃபிலடெல்பியா பக்கம் ஒரு கம்பி ஆலையில் நடந்ததாக இன்னொரு கதை உண்டு. தொழிலாளிகள் உலையோடு மல்லுக்கட்டிவிட்டு, வெறுத்துப்போய்க் கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். ஒருத்தன் மட்டும் மறந்துவிட்ட சட்டையை எடுக்கத் திரும்பி வந்தான். உலைக் கதவு சிவக்கச் சிவக்க நின்றது! கிளறாமல் விட்டதே போதுமானதாக இருந்தது.

இனி காசு விவகாரம். காமர்ஸ் படித்தவனுக்கு இங்கேதான் ருசி.

1825 ஜனவரி. நியூயார்க் வால் ஸ்ட்ரீட்டில் டான்டைன் காபி ஹவுஸ். வியாபாரிகள் கூடும் இடம். மலையிலிருந்து கரி கொண்டுவரக் கால்வாய் வெட்டுவதற்காக டெலவேர் அண்ட் ஹட்சன் என்ற கம்பெனி பணம் திரட்ட வந்தது. பக்கம் பக்கமாக அறிக்கை வாசிக்கவில்லை. அந்தக் காபிக் கடையிலேயே ஆந்த்ரசைட்டை எரித்துக் காட்டினார்கள். குளிருக்கு இதமாக நின்றவர்கள் பையில் கை விட்டார்கள். 15 லட்சம் டாலர் பங்குகள் சில மணி நேரத்தில் காலி! 13 வருஷத்துக்கு முன்னால் 'கல்' என்று திட்டு வாங்கிய அதே கரிதான்.

கரிக்குச் சந்தை வேண்டும் என்றால் வீட்டுக்கு வீடு அடுப்பு வேண்டுமே? ஜோர்டான் மாட் என்ற நியூயார்க் வியாபாரி, யாரும் சீண்டாத பொடிக் கரியை எரிக்கும் அடுப்பு செய்தார். எலிஃபலெட் நாட் என்ற கல்லூரித் தலைவர்கூட அடுப்பு செய்து காப்புரிமை வாங்கினார். ட்ராய், ஆல்பனி நகரங்களின் வார்ப்பட ஆலைகள் அடுப்புகளை அடித்துத் தள்ளின. 1820-ல் லீஹை கம்பெனி ஃபிலடெல்பியாவுக்கு அனுப்பியது வெறும் 365 டன். 1917-ல் பென்சில்வேனியாவின் ஆந்த்ரசைட் உற்பத்தி சுமார் 10 கோடி டன்!

இப்போது நிலைமையைக் கவனியுங்கள். லட்சக்கணக்கான வீடுகளில் ஒரே மாதிரி அடுப்பு. அதற்கான கரி கிடைப்பதோ ஒரு மாநிலத்தின் ஒரு மூலையில். சுரங்கங்களில் பெரும்பாலானவை சில ரயில்வே கம்பெனிகளின் பிடியில். தோண்டுவதும் அவர்கள், ஏற்றி வருவதும் அவர்கள். அடுப்பை வாங்கியவன் வாடிக்கையாளராக மட்டும் மாறவில்லை. மாட்டிக்கொண்டான்.

அது எல்லோருக்கும் புரிந்த வருஷம் 1902. மே 12-ம் தேதி சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏறக்குறைய 1,47,000 பேர். அவர்கள் வாழ்க்கையை அறிய ஒரு காட்சி போதும். கரியிலிருந்து கல்லைப் பொறுக்க, பள்ளிக்கூடம் போக வேண்டிய வயதுப் பையன்கள் புழுதிக்கு நடுவில் நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். 'பிரேக்கர் பாய்ஸ்' என்று பெயர். ரெடிங் ரயில்வேயின் தலைவர் ஜார்ஜ் பேர், தொழிலாளியின் நலனைக் கடவுள் யாரிடம் சொத்தை ஒப்படைத்தாரோ அந்த நல்ல கிறிஸ்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று கடிதம் எழுதினார். அது பத்திரிகையில் வந்து நாடே சிரித்தது.

இலையுதிர்காலம் வந்ததும் சிரிப்பு நின்றது. கரி விலை பல மடங்கு ஏறியது. கூடத்து அடுப்பு அப்படியே இருக்கிறது, போடக் கரி இல்லை. அக்டோபர் 3-ம் தேதி ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் இரு தரப்பையும் அழைத்துப் பேசினார். தொழில் தகராறில் அமெரிக்க ஜனாதிபதி ஒருவர் நடுவராக இறங்கியது அதுவே முதல் தடவை. அக்டோபர் 23-ல் வேலைநிறுத்தம் முடிந்தது. அடுத்த வருஷம் கமிஷன் 10 சதவீதக் கூலி உயர்வு கொடுத்தது. சங்கத்தை மட்டும் முதலாளிகள் அங்கீகரிக்கவில்லை.

பிறகு எண்ணெயும் கேஸும் வந்தன. ஸ்விட்சைப் போட்டால் சூடு! கரி அடுப்புகள் நிலவறைக்குப் போயின. 1959 ஜனவரி 22-ல் நாக்ஸ் சுரங்கத்துக்குள் சஸ்குவஹானா ஆறே உடைத்துக்கொண்டு புகுந்தது. 12 பேர் பலி. அந்தப் பள்ளத்தாக்கின் ஆழ்சுரங்கத் தொழில் அதோடு படுத்தது. சென்ட்ரேலியா என்ற ஊருக்கு அடியில் 1962-ல் பற்றிய கரி இன்றும் எரிந்துகொண்டிருக்கிறது.

சரி, நண்பனின் கேள்விக்கு வருவோம்.

எங்கள் அக்கவுன்டன்சி வாத்தியார் முதல் வருஷத்திலேயே தலையில் தட்டிச் சொல்லிக்கொடுத்தது இது: மூலதனச் செலவு வேறு, வருவாயினச் செலவு வேறு. அடுப்பு முதலாவது. அது பூஜ்யமாக இருக்கலாம். கரி, புகைபோக்கி, சாம்பல் எல்லாம் இரண்டாவது. அது ஆயுளுக்கும் வரும்.

அவனிடம் நான்கு விஷயம் பார்க்கச் சொன்னேன். ஒன்று, இருட்டில் அடுப்புக்குள் டார்ச் அடித்துப் பார். வெளிச்சம் வெளியே கசிந்தால் விரிசல். இரண்டு, அடிக் கிராதியும் சூடு தாங்கும் செங்கல்லும் முழுசாக இருக்கின்றனவா? பழைய கம்பெனி மூடியிருந்தால் கிராதிக்கு எங்கே போவாய்? மூன்று, எந்த அளவுக் கரி கேட்கும், அது பக்கத்தில் கிடைக்குமா? அந்தக் கரிக்கு ரைஸ், பட்டாணி, முட்டை என்றெல்லாம் அளவுப் பெயர்கள் உண்டு. அரிசி அளவு கேட்கும் அடுப்பில் முட்டை அளவு போட முடியாது.

நான்காவதுதான் முக்கியம். புகைபோக்கி. ஆந்த்ரசைட் புகையாது என்பதாலேயே ஆபத்து அதிகம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகைபோக்கி சரியில்லாத வீட்டில் ராத்திரி தூங்குகிறவன் காலையில் எழாமலே போகலாம். அலாரம் மாட்டாமல் அந்தப் பெட்டியைக் கொளுத்தவே கூடாது.

இதெல்லாம் நமக்கெதற்கு என்கிறீர்களா? 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழ்நாட்டில் ஏழை வீடுகளுக்கு இலவச கேஸ் அடுப்பு வந்தது. 2016-ல் உஜ்வாலா திட்டத்தில் நாடு முழுக்க இணைப்பு வந்தது. புகையில் கண் எரிந்த பெண்களுக்கு அது பெரிய விடுதலை, சந்தேகமே இல்லை. ஆனால் முதல் சிலிண்டர் தீர்ந்த அன்று, எத்தனை வீடுகளில் விறகடுப்பு மறுபடி மூட்டப்பட்டது என்று உங்கள் தெருவிலேயே கேட்டுப் பாருங்கள்.

பத்து நாள் கழித்து நண்பன் கூப்பிட்டான். அடுப்பு கல் மாதிரி இருக்கிறதாம். கரி இருபது நிமிஷ தூரத்தில் கிடைக்கிறதாம். அவன் வீட்டுப் புகைபோக்கியில்தான் உள்பூச்சு வெடித்திருக்கிறது. அதைச் சரிசெய்ய ஆகும் காசில் புது அடுப்பே வாங்கலாம். இன்ஷூரன்ஸ்காரரும் பழைய அடுப்பா என்று முகத்தைச் சுளித்தார். ரெண்டு சின்னக் குழந்தைகள் இருக்கிற வீடு. வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

பாட்டி வருத்தப்படவில்லை. வருஷக்கணக்காகக் கரி எரிக்கும் இன்னொருவர் வந்து தூக்கிக்கொண்டு போனார். போகும்போது பாட்டி ஒரு தடவை தொட்டுப் பார்த்தாராம். அவருடைய தாத்தா பிரேக்கர் பையனாகக் கல் பொறுக்கியவர்.

'இவ்வளவு ஆசையா வெச்சிருந்துட்டு ஏன் தர்றீங்கன்னு கேட்டேன்டா' என்றான் நண்பன். 'தினமும் சாம்பல் வாளியைத் தூக்கிட்டுப் படி ஏற முடியலைப்பான்னாங்க.'