கண்காணிப்பு: ஒரு சொல்லும் ஓர் ஊழியமும்

தமிழ் வேதாகமத்தில் ‘கண்காணி’ திருச்சபையின் மேய்ப்பரைக் குறிக்கும். அச்சொல்லே தேயிலைத் தோட்டங்களில் ‘கங்காணி’யாகி, கூலியாட்களைச் சேர்த்து வேலை வாங்கியவரைக் குறித்தது. மனநல ஊழியர்மீதான மேற்பார்வை இவ்விரண்டில் எதைச் சார்ந்தது?

1920இல் பெர்லினில் மாக்ஸ் ஐட்டிங்கோன் முதலானோர் தொடங்கிய உளப்பகுப்பாய்வு நிலையத்தில், பயிற்சி பெறுவோர் தாம் கவனித்த நோயாளரைக் குறித்து மூத்தவரோடு கலந்தாராய்வது பயிற்சியின் அங்கமாயிற்று. 1925இல் அமெரிக்காவின் வூஸ்டர் அரசு மருத்துவமனையில் குருவானவர் ஆண்டன் பாய்சன் இறையியல் மாணவருக்குப் பயிற்சியளிக்கலானார். 1920இல் தாமே மனநோயுற்று மருத்துவமனையில் இருந்த அவர், நூல்களைப்போலவே துன்புறும் மனிதரையும் கருத்தூன்றிக் கற்கவேண்டுமென்றார். பின்னர் ரசல் டிக்ஸ், நோயாளியோடு உரையாடியதைச் சொல்லுக்குச் சொல் எழுதி ஆராயும் முறையைப் பரப்பினார். அவ்வேட்டில் வெளிப்படுவது நோயாளியின் மனம் மாத்திரமன்று. செவிகொடுத்தவரின் அவசரமும் அச்சமுங்கூட.

நம் நாட்டில், 1957இல் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல நிலையம், நோயாளியோடு குடும்பத்தாரையும் தங்கச் செய்தது. துன்புறுவோர் தனித்து விடப்படலாகாது என்னும் அந்நெறி, துணைநிற்போருக்கும் உரியதே.

கண்டாச்சிபுரம் போன்ற சிற்றூரில், வாழ்வை வெறுத்த ஒருவரின் துயரத்தை நள்ளிரவில் தனித்துக் கேட்கும் போதகர், அப்பாரத்தை மறுநாள் யாரிடம் இறக்கிவைப்பார்? உயிருக்கு ஆபத்துள்ளவிடத்து மருத்துவரை நாடுவது அவர் கடமை. அதன்பின், பெயரையும் அடையாளத்தையும் மறைத்து, தாம் கேட்டதையும் சொன்னதையும் அனுபவமிக்க ஒருவர்முன் வைத்து ஆராய்தல் இரகசியத்தை மீறுவதாகாது. மேய்ப்பருக்கும் மேய்ப்பர் வேண்டும். கண்காணிப்பின் மெய்ப்பொருள் அதுவே.