சுவருக்கு எந்தப் பக்கம்?

அட்டைப்பெட்டியின் நான்கு மடல்களையும் ஒன்றன் அடியில் ஒன்றாகச் செருகி, ஒட்டுநாடா இல்லாமலே மூடுவோம். அதில் எந்த மடல் மேலே இருக்கிறது? பதிலே கிடையாது. ஒவ்வொன்றும் ஒன்றுக்கு மேல், இன்னொன்றுக்குக் கீழ். கணினியில் முப்பரிமாணக் காட்சி வரையத் தொடங்கியவர்களைத் திணறடித்த சிக்கல் இது. தூரத்தில் இருப்பதை முதலில் தீட்டி, கிட்ட இருப்பதை அதன்மேல் தீட்டலாம் என்றால் அதற்கு ஒரு வரிசை வேண்டும். அந்த வரிசை சில சமயம் இருப்பதே இல்லை. இருந்தாலும், பார்ப்பவர் நாலடி நகர்ந்தால் மாறிவிடும்.

1969-இல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ராபர்ட் ஷூமேக்கரும் மூன்று சகாக்களும் அமெரிக்க விமானப்படைக்கு ஓர் ஆய்வறிக்கை கொடுத்தார்கள். விமானப் பயிற்சிக்கான காட்சிகளைக் கணினியே உருவாக்குவது பற்றியது அது. இரண்டு பொருள்களுக்கு நடுவே கற்பனையாக ஒரு தளத்தை நிறுத்துங்கள். உங்கள் கண் இருக்கும் பக்கத்துப் பொருளை மறுபக்கத்துப் பொருள் ஒருபோதும் மறைக்காது. இவ்வளவுதான் விதை. ஆனால் அந்தத் தளங்களை மனிதர்களே பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது.

அந்தக் கைவேலையை ஒழித்தது 1980-இல் ஹென்றி ஃபுக்ஸ், ஸ்வி கெடெம், புரூஸ் நெய்லர் எழுதிய கட்டுரை. பிரிக்கும் தளத்தை வெளியே தேடாதீர்கள், காட்சியில் உள்ள ஒரு பலகோணத்தையே எடுத்து அதன் தளத்தை நீட்டுங்கள் என்றார்கள். மற்றவை முன்னாலோ பின்னாலோ விழும். குறுக்கே கிடப்பதை இரண்டாக வெட்டலாம். ஒவ்வொரு பாதியிலும் இதையே திரும்பச் செய்தால் ஒரு மரம் முளைக்கும். பைனரி ஸ்பேஸ் பார்ட்டிஷன் மரம், சுருக்கமாக பி.எஸ்.பி. மரம். வரையும்போது கேட்க வேண்டியது ஒரே கேள்வி: கண் இந்தச் சுவருக்கு எந்தப் பக்கம்? மறுபக்கத்தை முதலில் வரை, பிறகு சுவர், பிறகு இந்தப் பக்கம். எங்கே நின்று கேட்டாலும் சரியான வரிசை கிடைக்கும். அட்டைப்பெட்டியில் ஒரு மடலை வெட்டியதும் சுழல் அறுந்துவிடுகிறது.

வெட்டுக்கு விலை உண்டு. துண்டுகள் பெருகும். மைக்கேல் பேட்டர்சனும் ஃபிரான்சிஸ் யாவோவும் 1990-இல் அந்த விலையை அளந்தார்கள். முப்பரிமாணத்தில், மிக மோசமான அமைப்பில், பொருள்கள் இரட்டித்தால் துண்டுகள் நான்கு மடங்காகும். ஒரே தாளில் கிடக்கும் கோடுகள் என்றால் இவ்வளவு கொடுமை இல்லை. கோடுகளின் எண்ணிக்கையை அதன் மடக்கையால் பெருக்கிய அளவோடு நின்றுவிடும்.

டூம் விளையாட்டு அந்தத் தாளில்தான் பிழைத்தது. 1993 டிசம்பரில் வெளிவந்த அதன் நிலவறைகள் பார்வைக்கு முப்பரிமாணம். உள்ளே, ஒரு வீட்டு வரைபடம்போல வெறும் கோடுகள். டூமின் நிரலாளர் ஜான் கார்மாக் அந்தக் கோடுகளுக்கு மரம் கட்டினார். கட்டுவது நேரம் பிடிக்கும் வேலை. அதை முன்கூட்டியே முடித்து, மரத்தை விளையாட்டுக் கோப்பிலேயே வைத்து அனுப்பினார்கள். வாங்கியவர் வீட்டு 386 கணினி அதில் ஏறி இறங்கினால் போதும். கார்மாக் வரிசையையும் திருப்பிப்போட்டார்: கிட்டத்துச் சுவர் முதலில், திரை நிரம்பியதும் நிறுத்து. மறைந்திருப்பதற்கு உழைப்பே இல்லை.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது டூமின் கதவுகள். அவை பக்கவாட்டில் திறப்பதில்லை, மேலே மட்டும் எழும். சுவர் இடம் மாறினால் மரம் பொய்யாகிவிடும். கதவு கூரைபோல மேலே உயர்ந்தால் வரைபடத்தில் ஒரு கோடும் அசையாது. கோடிக்கணக்கான விரல்கள் அந்தக் கதவைத் திறந்திருக்கும், ஒரு தேற்றத்தின் எல்லையில் நிற்கிறோம் என்று தெரியாமலே.

1996-இல் வந்த குவேக் விளையாட்டு, மரத்தை முழு முப்பரிமாணத்துக்கு ஏற்றியது. பிறகு நினைவகம் மலிந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் அதன் தூரத்தைக் குறித்துவைக்கும் இசட்-பஃபர் வன்பொருளிலேயே வந்ததும், வரிசைப்படுத்தும் வேலை மரத்தின் கையைவிட்டுப் போனது. ஆனால் குவேக்கின் வழிவந்த விளையாட்டு இயந்திரங்களில் வீரன் சுவரில் மோதினானா என்று பார்க்க இன்றும் அதே மரத்தில்தான் இறங்குகிறார்கள், அதே கேள்வியோடு: எந்தப் பக்கம்?