திருவொற்றியூரில் பிறந்த வண்டியும் ஒரு மயிர்க்கனத் துளையும்

பாலவாக்கத்தில் என் வீட்டு முன்கூடத்தில் 1989-இல் வாங்கிய புல்லட் 350 ஒன்று நிற்கிறது. ஏழு மாதம் ஓடாமல் கிடந்த பிறகு ஒருநாள் உதைத்தேன். சோக்கைத் தூக்கினால் மட்டும் பிடித்தது, இறக்கியதும் நின்றது. பார்த்த மெக்கானிக், "சார், கார்புரேட்டர் போச்சு, புதுசு மாத்தணும். இல்லேன்னா எடைக்குப் போட்டுடுங்க" என்றார். பையனும் அதையே சொன்னான். எனக்கு மனம் வரவில்லை.

இந்த வண்டி பிறந்தது இதே நகரத்தின் வடகோடியில். ராயல் என்ஃபீல்டுக்குத் தாய்வீடு இங்கிலாந்தின் ரெட்டிச். சுதந்திரத்துக்குப் பின் நம் ராணுவம் எல்லைக் காவலுக்கு 350 சி.சி. புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்த ஆர்டரை நம்பி 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ஆங்கிலேயக் கம்பெனியும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன, இங்கே பூட்டினார்கள். 1960-களின் தொடக்கத்தில் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1970-இல் இங்கிலாந்துக் கம்பெனி மூடிவிட்டது, நம்மூரில் நிற்கவில்லை. 1977-இல் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. பிள்ளை வளர்ந்து பெற்றவளுக்குச் சோறு போட்ட கதைதான்.

இவ்வளவு காலம் அது நிலைத்ததற்குக் காரணம், பிரித்துப் பார்த்தால் புரியும் வண்டி என்பதே. 70 மில்லிமீட்டர் சிலிண்டர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஒரே பிஸ்டன். டாப்பெட்டைச் சரிபார்க்க அளவுகோல் வேண்டாம்: எஞ்சின் ஆறியிருக்கும்போது புஷ்ராடை விரலால் சுழற்றினால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது. கிளப்பவும் ஒரு முறை உண்டு. டீகம்ப்ரஸரைப் பிடித்து, அம்மீட்டர் முள் நடுவே வரும்வரை கிக்கரை அழுத்தி, பிறகே உதைக்க வேண்டும். அவசரக்காரனை வண்டி திருப்பி உதைக்கும். என் வலது கணுக்கால் சாட்சி.

மிக்கார்ப் கார்புரேட்டரைக் கழற்றினேன். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவனுக்கு அது 'கார்பூராத்தேர்', ஜெட் என்பது 'ழிக்ளேர்'. அங்கே ஓடிய வேலோ சொலெக்ஸ் மொபெட்டைச் செய்த சொலெக்ஸ் கம்பெனி, அதற்கு முன்பே கார்புரேட்டருக்குப் பேர்போனது என்பது இங்கே பலருக்குத் தெரியாது.

அடியிலுள்ள நான்கு திருகுகளை எடுத்தால் மிதவைக் கிண்ணம் வரும். உள்ளே பழைய பெட்ரோல் காய்ந்து தேன்நிறப் பிசினாகியிருந்தது. இப்போது பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால் கலக்கிறார்கள். அது ஈரத்தை இழுக்கும். கடலோரத்தில் சொல்லவே வேண்டாம். நடுவிலுள்ள பெரிய ஜெட் வேகத்துக்கு, பக்கத்திலுள்ள சின்ன பைலட் ஜெட் நின்று ஓடுவதற்கு. பைலட்டை வெளிச்சத்தில் பிடித்தேன், ஒளி தெரியவில்லை. கார்புரேட்டர் போகவில்லை, மயிர்க்கனத் துளை ஒன்று அடைத்திருந்தது, அவ்வளவே.

இரும்புக் கம்பி விட்டால் பித்தளைத் துளை பெரிதாகும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். குப்பத்தில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் மெல்லிய தங்கூஸ் நரம்பு ஒரு முழம் கேட்டேன். "எந்த மீனுக்குய்யா?" என்றார். கார்புரேட்டர் கிளீனரில் ஓரிரவு ஊறப்போட்டு நரம்பை விட்டு எடுத்ததும் ஜெட்டில் ஊசிமுனை அளவு வெளிச்சம். ஏர் ஸ்குரூவை முழுக்கத் திருகிப் பிறகு ஒன்றரைச் சுற்று தளர்த்தினேன். மிச்சத்தைக் காதுதான் சொல்லியது.

நான்காவது உதையில் பிடித்தது. சோக் இல்லாமலே நின்று ஓடியது.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு புது புல்லட்டில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் அளவை மின்னணுக் கருவி கணக்கிடுகிறது. புகை குறைவு, நல்லதுதான். ஆனால் தங்கூஸ் நரம்புக்கு அங்கே வேலையில்லை.

இப்போதெல்லாம் வண்டியை நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, கிண்ணம் காலியாகித் தானே நிற்கும்வரை ஓடவிடுகிறேன். மீதி நரம்பு டூல் பாக்ஸில் இருக்கிறது.